கோட்டைச் சுவரென நின்ற கோஷ்ட பால்

உதைபந்தாட்டத்திலே கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவது உலக வழக்கம். மறுநாட் பத்திரிகையிலும் அவன் பெயரே வரும். கோலைத் தடுத்தவனை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. தொண்ணூறு நிமிஷத்தில் ஒருமுறை அவன் கால் சறுக்கிவிட்டால் மாத்திரம் அந்தச் சறுக்கலை ஊரார் பத்து வருஷம் மறக்கமாட்டார்கள். இத்தகைய நன்றியற்ற இடத்திலே ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகள் நின்று, தம் தேசத்தார் நெஞ்சில் நிலையான இடம் பெற்றவர் வங்காளத்து வீரர் காலஞ்சென்ற ஸ்ரீ கோஷ்ட பால் அவர்கள்.

ஆண்டுமலரிலே ஞானிகள், தலைவர்கள், புலவர்கள் சரிதங்களைப் படித்துப் பழகிய மூத்தோர், பந்துதைத்தவர் சரிதத்துக்கு இங்கே என்ன அலுவல் என்று கேட்கக்கூடும். சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15-இல் கொழும்பில் வந்திறங்கி, கண்டி, மாத்தளை, அநுராதபுரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களைக் கடந்து சென்னை சேர்ந்தபோது, அங்குள்ள வாலிபர்களுக்குக் கீதையைப் படிக்கு முன் உடலை வலுவாக்கிக் கொள்ளும்படியும், அதற்கு உதைபந்தாட்டம் உற்ற துணையென்றும் எடுத்துரைத்தார். மூத்தோர்க்கு நாம் சொல்லும் விடை அதுவே. சுவாமிகள் அவ்வாறு பேசிய நாளிலே கோஷ்ட பால் ஒரு வயதும் நிரம்பாத கைக்குழந்தை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சிவாலயங்களில் கருவறைப் புறச்சுவரிலே தட்சிணாமூர்த்தி எழுந்தருளியிருக்கும் கோஷ்டம் வேறு; இது வேறு. ஆநிரை அடையும் தொழுவுக்கு வடமொழியிலே கோஷ்டம் என்று பெயர். கண்ணன் பசு மேய்த்த கதையிலே தோய்ந்த வங்காளத்து வைஷ்ணவர் பிள்ளைகளுக்கு விரும்பி இடும் பெயர்களில் இதுவும் ஒன்று. பால் என்பது குலப்பெயர். பந்தையே பால் என்று சொல்லித் திரியும் நம் தோட்டத்துச் சிறுவர்களுக்கு இப்பெயர் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பந்தும் அவரும் பிரியாதிருந்த வாழ்வுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அவர் பிறந்தது 1896 ஆகஸ்ட் 20-இல், கிழக்கு வங்காளத்துப் பரீத்பூர் ஜில்லாவைச் சேர்ந்த போஜேஸ்வர் கிராமத்தில். ஆறுகள் கிளைகிளையாய்ப் பிரிந்தோடும் சமவெளி நாடு அது. சிறுபிராயத்திலேயே கல்கத்தா நகரின் வடபாகத்திலுள்ள குமார்துலி என்னும் பகுதிக்கு வந்து சேர்ந்தார். குமார்துலி குயவர் குடியிருப்பு. நவராத்திரிக் காலத்துத் துர்க்கா பூசைக்கு வேண்டிய மண் திருவுருவங்கள் பரம்பரையாக அங்கேதான் உருவாகின்றன. கங்கைக் களிமண்ணை மிதித்துப் பிசையும் கால்களுக்கு நடுவே, பந்தை மிதித்துப் பழகின இரண்டு சிறு கால்களும் வளர்ந்தன.

அவருக்குப் பதினான்கு வயது நடந்தபோது கல்கத்தா நகரமே அதிர்ந்த ஒரு நாள் வந்தது. 1911 ஜூலை 29. ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் மோகன் பகான் கழகம் ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. ஆங்கிலப் பட்டாளத்தாருக்குச் சப்பாத்து இருந்தது. மோகன் பகான் பதினொருவரில் சப்பாத்து அணிந்தவர் பின்காவலரான சுதீர் சட்டர்ஜி ஒருவரே. ஏனைய பதின்மரும் வெறுங்காலர். சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தனர். அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு சமூகம், தன்னை ஆள்பவனைச் சமமான களத்தில் சமமான விதிகளோடு நின்று வெல்ல முடியும் என்பதை அன்று கண்ணாற் கண்டது. வங்காளத்துச் சிறுவர் எல்லோரும் அன்றிரவு பந்து வேண்டும் என்று அழுதிருந்தாலும் வியப்பில்லை.

அதற்குச் சற்றுப் பின், 1912-ஆம் ஆண்டளவில், பதினாறு வயதில் பால் அவர்கள் அதே மோகன் பகானில் சேர்ந்தார். 1911-இன் வெற்றி வீரர் இன்னும் களத்திலிருந்த காலம். வெற்றியின் வெளிச்சம் மங்காத வீட்டிற்குள் அடியெடுத்து வைத்தார் என்று சொல்லலாம். ஆயினும் அந்த வெளிச்சம் அவர்மீது விழவேயில்லை. இதுதான் அவர் சரிதத்தின் விசேஷம். அவர் ஆடிய அத்தனை ஆண்டுகளிலும் மோகன் பகான் ஐ.எப்.ஏ. கேடயத்தை மறுமுறை வெல்லவில்லை. கல்கத்தா லீக்கையும் வெல்லவில்லை. லீக் முதல்முறை கைக்கு வந்தது 1939-இல்; கேடயம் இரண்டாம் முறை வந்தது 1947-இல். பால் அவர்களோ 1935-இலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். இரண்டு வெற்றிகளுக்கு நடுவிலே கிடந்த நீண்ட வறட்சிக் காலத்தில் கழகத்தின் மானத்தைக் காத்து நின்றவர் அவர்.

வறட்சிக்குக் காரணம் ஆட்டக்குறை மாத்திரமன்று. அந்நாட் கல்கத்தா லீக்கின் முதற்பிரிவிலே இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இடம்பெறக் கூடாதென்ற கட்டுப்பாடு இருந்தது. மற்றவை யாவும் வெள்ளையர் கழகங்களும் பட்டாள அணிகளுமே. 1925-இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் போராடி உள்ளே நுழைந்தபோதுதான் அத்தடை தகர்ந்தது. இதைப் படிக்கும்போது நமக்கு டரவெல்லையும் ரதெல்லையும் நினைவுக்கு வராமற் போகாது. துரைமார் அங்கே பச்சைப் பசேலென்ற புல்வெளியில் ரகரும் கிரிக்கெட்டும் ஆடினார்கள். நம் பாட்டன்மார் அந்த வேலிக்கு வெளியே நின்றார்கள், அல்லது உள்ளே புல் வெட்டினார்கள். கல்கத்தாவில் வாசல் பாதியாவது திறந்திருந்தது. அந்தப் பாதி வாசலில் நுழைந்துதான் பால் ஆடினார்.

இனி அவர் ஆடிய இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காலத்து அணியிலே கோல்காப்பாளருக்கு முன்னால் பின்காவலர் இருவரே. நம் மைதானங்களில் பேக் என்று அழைப்பது இவர்களைத்தான். அவர்களுக்கு முன் மூவர், அவர்களுக்கும் முன் ஐவர். எதிரணியின் ஐவரும் ஒருங்கே பாய்ந்துவந்தால் இவ்விருவர்தான் ஈடுகொடுக்க வேண்டும். பால் வலப்புறக் காவலர். வலிய தேகம், பந்தை நோக்கிப் போனால் பின்வாங்காத துணிவு, காலால் வாங்கிய பந்தை மைதானத்தின் பாதிக்கு அப்பால் அனுப்பும் உதை. சப்பாத்தின் கூர்முனையால் பந்தைக் குத்தித் தள்ளும் வசதி வெறுங்காலருக்குக் கிடையாது. புறங்காலின் மேல்தளத்தால் முழுவதுமாக வாங்கி உதைத்தாக வேண்டும். எதிரியின் சப்பாத்துக் குமிழ் தம் விரலில் ஏறினாலும் தாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவு முரட்டு இடத்தில் நின்றும் நேர்மையாக ஆடினார் என்பதே அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் சாட்சி. அவருக்குச் சீனப் பெருஞ்சுவர் என்ற பட்டம் வாய்த்தது. அது வெள்ளையர் நடத்திய பத்திரிகையிலே முதலில் எழுந்ததென்று வங்காளத்தார் பெருமையோடு சொல்வார்கள். எதிரி வாயிலிருந்து வந்த புகழ்ச்சிக்கு மதிப்பு அதிகம் அன்றோ.

1925-ஆம் ஆண்டிலே உலகம் முழுவதும் பின்காவலரின் பிழைப்பில் மண் விழுந்தது. அதுவரை, பந்து தட்டப்படும் வேளையில் முன்னால் நிற்கும் ஆட்டக்காரனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியார் மூவர் இருத்தல் வேண்டும், இல்லையேல் ஒப்சைட். ஆகவே தந்திரமுள்ள பின்காவலன் ஒருவன் சமயம் பார்த்து முன்னே ஓரடி வைத்தாற் போதும், எதிரியின் பாய்ச்சல் வீணாகிவிடும். அவ்வாண்டு மூவர் என்பதை இருவர் என்று மாற்றினார்கள். இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் முந்திய பருவத்தில் 4,700 கோல்கள் விழுந்திருக்க, அடுத்த பருவத்தில் 6,373 விழுந்தன. இலண்டனில் ஆர்சனல் கழகம் நடு ஆட்டக்காரனைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் காவலனாக்கித் தப்பியது. பாலுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. பழைய விதியில் பதின்மூன்று வருஷம் பழகிய கால். பலருக்கு அந்த வயதில் புதுப்பாடம் ஏறாது. அவரோ அதற்குப் பின்னும் பத்து ஆண்டு ஆடினார். கோப்பைக் கணக்கில் வராத இத்தகைய சாதனையைப் பந்தாடிப் பார்த்தவரே உணர்வர்.

1921 முதல் 1926 வரை மோகன் பகானுக்குத் தலைவராயிருந்தார். உமாபதி குமார், பலாய்தாஸ் சட்டர்ஜி முதலிய சிறந்த ஆட்டக்காரர் உடனிருந்த காலம் அது. இதில் 1923-ஆம் ஆண்டை மறக்கவியலாது. அவ்வாண்டு பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்துக்கு மோகன் பகான் அழைக்கப்பட்டது. இறுதியாட்டம் வரை ஏறி, டர்ஹாம் பட்டாளத்திடம் தோற்றது. அதே ஆண்டு பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின் மறுபடியும் கேடயத்தின் இறுதியாட்டத்தில் நின்றது. எதிரி, வெள்ளையர் கழகமான கல்கத்தா எப்.சி. ஊரே திரண்டது. வானமும் திரண்டது. கொட்டு மழையில் மைதானம் சேறாயிற்று, வெறுங்கால்கள் வழுக்கின, சப்பாத்துகள் ஊன்றி நின்றன. மூன்றுக்குப் பூஜ்யம். ஆடி மாதத்து மழையில் நம் தோட்டத்து மைதானங்கள் எப்படியிருக்கும் என்பதைக் கண்டவர்கள், கல்கத்தாப் பந்துக்காலம் முழுவதும் அந்த மழைக்காலத்திலேயே வருவதை எண்ணிப் பார்த்தால் இத்தோல்வியின் கொடுமை விளங்கும். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த அரைத்திடலில் ஆடி, பந்து தேயிலைச் செடிக்குள் உருண்டால் அட்டைக்கடியோடு தேடி எடுத்துவரும் நம் பிள்ளைகளுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

1925-இல் சிம்லாவில் நடைபெறும் டியூரண்ட் கிண்ணத்துக்கு அழைப்பு வந்தது. பட்டாளத்தாருக்கென்றே தொடங்கிய போட்டி அது. சிம்லா, நமது நுவரெலியாவைப் போல வெள்ளையர் குளிர்காய்வதற்கென்று, இல்லை, குளிர் தேடுவதற்கென்று அமைத்த மலைநகரம். அனந்தேல் என்னும் பள்ளத்தாக்கு மைதானத்தில் அரையிறுதி வரை சென்று, ஷெர்வுட் பாரஸ்டர்ஸ் பட்டாளத்திடம் மோகன் பகான் தோற்றது. கிண்ணம் இம்முறையும் கிட்டவில்லை. ஆனால் இந்தியக் கழகம் ஒன்று பட்டாளத்தாரின் பந்தியிலே இலைபோட்டு உட்கார்ந்தது. பிறகு எழுப்ப முடியவில்லை.

இத்தனைக்கும் அவர் பணத்துக்கு ஆடியவரல்லர். இங்கிலாந்தில் 1885 முதலே சம்பள ஆட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. இந்தியாவில் அக்காலத்தில் அது இல்லை. உதைபந்தாட்டத்தோடு ஹாக்கி, கிரிக்கெட், டெனிஸ் ஆகியவற்றிலும் அதே கழகத்துக்காக இறங்கினார். வேட்டி கட்டிக்கொண்டு கிரிக்கெட் ஆட வந்ததை வெள்ளையர் ஆட்சேபித்ததால் ஓர் ஆட்டமே நின்றுபோயிற்று என்றொரு கதை கல்கத்தாவில் வழங்குகிறது. உடுப்பை மாற்றிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லையாம்.

நம் நாட்டோடு அவருக்குள்ள தொடர்பு 1933-ஆம் ஆண்டில் நேர்ந்தது. ஐ.எப்.ஏ. இலங்கைக்கு அனுப்பிய இந்திய அணிக்குத் தலைவராக அவர் வந்தார். வயது முப்பத்தேழு. இந்திய உதைபந்தாட்ட அணி வெளிநாடு சென்று ஆடிய தொடக்கப் பயணங்களில் அது ஒன்று. கொழும்பிலே அவ்வணியைக் கண்டு இந்திய வம்சத்தவர் எவ்வளவு பூரித்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். மலைநாட்டின் நிலையோ வேறு. உலக வியாபார மந்தத்தில் தேயிலை விலை விழுந்து, தோட்டத் தொழிலாளரின் சம்பளம் வெட்டப்பட்டு, பலர் கப்பலேறி ஊர் திரும்பிய காலம் அது. தேயிலை உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையும் அதே 1933-இல்தான் வந்தது. அட்டனிலே திரு. கோ. நடேசையர் அவர்கள் இரண்டாண்டுக்கு முன் தொடங்கிய தொழிலாளர் சம்மேளனத்தை நடத்திக் கொண்டிருந்தார்கள். பிரட்டுக்களத்தில் பேர் விழுமா விழாதா என்று விடியற்காலையில் நடுங்கி நின்றவர்களுக்கு, கொழும்பில் ஒரு வங்காளத்து வீரர் வெறுங்காலோடு ஆடினார் என்ற செய்தி எட்டியிருக்குமா? எட்டியிருந்தால் அந்த வெறுங்காலை அவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக் கூடியவர் யாருமில்லை.

வெறுங்காலைப் பற்றி நம் மூத்தோர் சிலர் கொண்டிருக்கும் எண்ணத்தோடு நாம் சற்று மாறுபட வேண்டியிருக்கிறது. வெறுங்காலால் ஆடியதே வீரம், சப்பாத்து வந்தபிறகு ஆட்டம் கெட்டது என்பார்கள் அவர்கள். பாலின் வாழ்வையே கூர்ந்து நோக்கினால் உண்மை வேறாகத் தெரிகிறது. 1934-இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. தொடர்ந்து ஐந்தாண்டு வென்றது. மழை பெய்த நாளில் அவர்கள் சப்பாத்து அணிந்தார்கள். மோகன் பகான் தன் பழைய பெருமையைக் காலில் கட்டிக்கொண்டு வழுக்கியது. பின்னாளில் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர் நாட்டுத் தரையில், பெரும்பாலும் வெறுங்காலோடு இறங்கிய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று எனத் தோற்றது. அதன்பின்னே சப்பாத்து கட்டாயமாயிற்று. வெறுங்காலில் ஆடியவர்களின் நெஞ்சுரம் பெரிது, அதை வணங்குவோம். அந்தக் காலுக்குச் சப்பாத்து கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்வதும் அந்த வணக்கத்துக்கு மாறானதன்று. மழையில் விரைத்த காலோடு கொழுந்தெடுக்கப் போன நம் அன்னையரை வீரத்தாயர் என்று மேடையிலே புகழ்ந்துவிட்டு, காலுக்கு ஒன்றும் கொடாமல் விட்டவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

1935-இல் பால் அவர்கள் ஆட்டத்தினின்று விலகினார். அதைப் பற்றி வங்காளத்தில் ஒரு செய்தி சொல்வதுண்டு. கல்கத்தா எப்.சி.யோடு நடந்த ஓர் ஆட்டத்தில் மத்தியஸ்தரின் தீர்ப்புகள் தொடர்ந்து ஒரு பக்கமாகவே சாய்ந்தனவாம். பாலும் தோழர்களும் சண்டை பிடிக்கவில்லை, மத்தியஸ்தரை வைது பேசவில்லை, புல்தரையிலே படுத்துவிட்டார்களாம். காந்தியடிகளின் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம். விளையாட்டிலே இது தகுமா என்று கேட்போர் இருக்கலாம். மத்தியஸ்தர் சொல்லுக்கு அடங்குவதே ஒழுங்கு என்று நாமே நம் இளைஞர்களுக்கு ஓதுகிறோம். ஆயினும் இருபது ஆண்டுக்கு மேல் விதிக்கு அடங்கியே ஆடிய ஒருவர் கடைசியில் தரையில் படுத்தார் என்றால், அங்கே விதி என்று ஒன்று இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

அவர் விலகிய நான்காம் ஆண்டில் மோகன் பகான் லீக்கை வென்றது. 1947-இல் கேடயம் மீண்டும் வந்தது. அதே 1947-இல் வங்காளம் இரண்டாகப் பிளந்தது. போஜேஸ்வர் கிராமம் எல்லைக்கு அப்பாலாகி, முதலில் பாகிஸ்தானிலும், 1971-க்குப் பின் வங்காளதேசத்திலும் சேர்ந்தது. பிறந்த மண் ஒரு தேசம், வியர்வை சிந்திய மண் ஒரு தேசம். 1948-இல் நம் பெற்றோர்க்கும் பாட்டன்மார்க்கும் குடியுரிமைச் சட்டம் கேட்ட கேள்வியை யாரும் பாலிடம் கேட்கவில்லை. கிழக்கு வங்காளத்தார் பலர் ஈஸ்ட் பெங்கால் கழகத்தையே தம் வீடாகக் கொண்ட போதிலும், அப்பகுதியிற் பிறந்த அவரை மோகன் பகானின் அடையாளமாகவே கல்கத்தா கொண்டாடியது.

1962-இல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருதளித்தது. உதைபந்தாட்ட வீரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. கேடயமும் லீக்கும் கையில் ஏந்தாத ஒருவர், ஏந்திய பலருக்கு முன்னால் அதைப் பெற்றார். 1976 ஏப்ரிலில், எண்பதாம் வயது நடக்கையில், கல்கத்தாவில் காலமானார். 1998-இல் இந்தியத் தபால் துறை அவர் உருவத்தோடு முத்திரை வெளியிட்டது. ஈடன் தோட்டத்தின் அருகே அவருக்குச் சிலை எடுத்திருக்கிறார்கள். அவ்வழிச் சாலைக்கு கோஷ்ட பால் சரணி என்று பெயர். மோகன் பகான் ஆட்டமுள்ள நாட்களில் சனங்கள் சப்பாத்துக் காலோடும் செருப்புக் காலோடும் அச்சாலையால்தான் மைதானத்துக்கு நடந்து போகிறார்கள்.